எந்தத் தேதியில் திரும்பியது?

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. வாசகர் வட்டத்தில் பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாய், சந்தோஷம். "ராஜாவை எதிர்த்து எழுந்த ஜனங்களின் புரட்சி எந்தத் தேதியில் பயங்கர ஆட்சியாகத் திரும்பியது, ஒரே ஒரு தேதி சொல்" என்கிறாய். ஒரு தேதிக்குள் அடங்காதப்பா. அந்த ஆட்சியின் முகமாகப் பேசப்படும் ரோபஸ்பியர் என்ற ஒற்றை ஆளின் தலையில் கட்டிவிட்டும் உட்காராதே. 1791 மே மாதம் மரண தண்டனையையே ஒழிக்கச் சொல்லிச் சபையில் வாதாடியவர் அவர். 1792 ஜனவரியில் போர் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டவரும் அவர்தான். போர் கேட்டவர்கள் சபையின் ஒரு கோஷ்டியான ஜிரோண்டியர். அரண்மனையும் கேட்டது, புரட்சிப் படை தோற்றால் தனக்கு லாபம் என்பது அதன் கணக்கு.

1789-இல் பாஸ்டில் சிறை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும், இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடு. 1791 ஜூன் 20 இரவு 16-ஆம் லூயி குடும்பத்தோடு மாறுவேஷத்தில் ஓடி, மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல். 'ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் கெட்டவர்கள்' என்ற நம்பிக்கை அன்றைக்குப் போனது. 1792 ஏப்ரல் 20-இல் ஆஸ்திரியா மீது போர், ஆகஸ்ட் 10-இல் அரண்மனைத் தாக்குதல். செப்டம்பர் தொடக்கத்தில் எல்லைப் பக்கத்து வெர்தன் கோட்டை எதிரியிடம் விழப்போகிறது என்ற செய்தி வந்ததும், பாரிஸ் சிறைகளுக்குள் கும்பல் புகுந்து சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை வெட்டித் தள்ளியது. செத்தவர்களில் பெரும்பாலோர் அரசியல் வாசனையே இல்லாத சாதாரணக் குற்றவாளிகள்.

அந்தப் படுகொலைகளை மறந்தால் அடுத்த வருஷம் நடந்தது புரியாது. 1793 ஜனவரி 21-இல் ராஜாவின் தலை போயிற்று. பிப்ரவரியில் இங்கிலாந்தும் போருக்குள் வந்தது (நம் பாண்டிச்சேரி அந்த ஆகஸ்டில் ஆங்கிலேயர் கைக்குப் போனது இந்தப் போரில்தான்). அதே பிப்ரவரியில் படைக்கு 3 லட்சம் ஆள் எடுக்க உத்தரவு. அதை எதிர்த்து மேற்கே வான்தே பகுதி விவசாயிகள் கிளர்ந்தார்கள். எல்லையில் தளபதி துமூரியே தோற்று, ஏப்ரலில் எதிரிப் பக்கம் சாய்ந்தார். இந்த நெருக்கடிக்குள் நாலே வாரத்தில் ஐந்து ஆணைகள். கரும்பலகையில் எழுதிப் போடு:

மார்ச் 10, புரட்சி நீதிமன்றம்.
மார்ச் 19, ஆயுதம் ஏந்திய கலகக்காரன் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன்; ஆள் அவன்தான் என்று அடையாளம் காட்டினால் போதும், விசாரணை வேண்டாம்.
மார்ச் 21, ஊருக்கு ஊர், வார்டுக்கு வார்டு 12 பேர் கொண்ட கண்காணிப்புக் குழு. அப்போது அதன் வேலை அந்நியர்களைக் கவனிப்பது மட்டும்.
ஏப்ரல் 1, சபை உறுப்பினர்களைக் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு ரத்து.
ஏப்ரல் 6, பொதுப் பாதுகாப்புக் குழு; சபை உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு போர்க்கால ஆட்சியை நடத்த.

ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் நியாயம் இருந்தது. நீதிமன்றத்துக்காகப் பேசிய புரட்சித் தலைவர் தாந்தோன் சொன்ன காரணம், மக்கள் பயங்கரமாக நடந்துகொள்ளத் தேவையில்லாதபடி நாமே பயங்கரமாக இருப்போம் என்பது. செப்டம்பர் கும்பல் திரும்பி வராமல் இருக்கத்தான் அந்த நீதிமன்றம். ஏப்ரல் 1 ஆணையை முதலில் பயன்படுத்தியவர்கள் ஜிரோண்டியர், தங்களை எதிர்த்து எழுதிய பத்திரிகைக்காரர் மாராவைச் சிக்கவைக்க. அவர் விடுதலையாகி ஊர்வலமாக வந்தார். ஜூன் 2-இல் பீரங்கிகளோடு சபையைச் சுற்றி வளைத்த கூட்டம், அதே வழியில் ஜிரோண்டிய உறுப்பினர்கள் 29 பேரைக் கைது செய்ய வைத்தது.

அடுத்தது ரொட்டி. இதைப் பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள், நீ விடாதே. அசிஞ்ஞா என்ற காகிதப் பணம் 1793 கோடையில் முகமதிப்பில் கால்வாசிகூடப் பெறவில்லை. தூலோன் துறைமுகத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த கையோடு, செப்டம்பர் 5-இல் பாரிஸ் ஜனங்கள் ரொட்டி கேட்டுச் சபைக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் 29-இல் உச்சவரம்புச் சட்டம் வந்தது: பொருள்களுக்கு 1790 விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டலாம், கூலிக்குப் பாதி கூட்டலாம். கணக்கு அழகுதான். ஆனால் மதிப்பிழந்த காகிதத்துக்குத் தானியம் விற்க எந்த விவசாயி வருவான்? பதுக்கினான். பதுக்கலைப் பிடிக்க ஆள், ஆளுக்கு அதிகாரம்.

நடுவில் செப்டம்பர் 17, சந்தேக நபர்கள் சட்டம். கூட்டத்தில் ஒரே ஒரு ஆவணத்தை விளக்க நேரம் இருந்தால் இதை எடு. நடத்தை, பழக்கவழக்கம், பேச்சு, எழுத்து எதனாலாவது சுதந்திரத்தின் எதிரி என்று தெரிந்தால் சந்தேக நபர். பிழைப்புக்கு வழி என்ன என்று காட்ட முடியாதவர் சந்தேக நபர். குடிப்பற்றுச் சான்றிதழ் மறுக்கப்பட்டவரும் சந்தேக நபர். சான்றிதழுக்கு யார் முன்னால் போய் நிற்பது? அந்த வார்டு ஆட்கள் முன்னால்தான். கைதுக்கு 12 பேரில் குறைந்தது 7 பேர் கூடிப் பெரும்பான்மையோடு முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் ஒழுங்காகத்தான் சொல்கிறது. அந்த ஏழு பேர் உன் தெருக்காரர்கள் என்பதுதான் சிக்கல். பழைய கடன், வாடகைத் தகராறு எல்லாம் தேசபக்தி வேஷம் போட்டுக்கொண்டு வரும். அடைபட்டவரின் காவல் செலவும் அவர் தலையில். போர் முடியும்வரை உள்ளே.

கேள்வி நேரத்தில் 'பிரபுக்களைத்தானே கொன்றார்கள்?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்டவர்கள் நாடு முழுக்க சுமார் 16,600 பேர்; விசாரணையின்றிச் செத்தவர்களும் சிறையில் செத்தவர்களும் இதில் சேர்த்தியில்லை. பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கு மேல் விவசாயிகளும் தொழிலாளிகளும். பாரிஸ் பங்கு சுமார் 2,600 மட்டும். மேற்கிலும் லியோன் பக்கமும்தான், அதாவது உள்நாட்டுப் போர் நடந்த இடங்களில், பெருந்தொகை. இதுவரை போர்தான் காரணம் என்ற வாதம் நிற்கிறது.

1794-இல் அது இடறுகிறது. வசந்தத்துக்குள் கலகங்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன, ஜூன் 26-இல் ஆஸ்திரியப் படைக்கு எதிரான ஃப்ளூருஸ் வெற்றியும் வந்தது. ஆனால் பாரிஸில் தலை அதிகம் விழுந்தது அந்தக் கோடையில்தான். முதல் காரணம், அரசியல் வழக்குகளைப் பாரிஸுக்கே அனுப்பச் சொன்ன ஏப்ரல், மே ஆணைகள். பாரிஸ் சிறைகள் பிதுங்கின. இரண்டாவது, ஜூன் 10-இல் ரோபஸ்பியரின் கூட்டாளி கூத்தோன் கொண்டுவந்த பிரேரியல் 22 சட்டம் (புரட்சிக் காலண்டர் தேதி அது, அதற்குள் போய் நேரத்தை வீணாக்காதே). சதிகாரனுக்கு வக்கீல் கிடையாது. சாட்சி அவசியமில்லை, மனசாட்சிக்குப் பட்டால் போதும். விடுதலை அல்லது மரணம், நடுவில் தண்டனையே இல்லை. சின்னக் குற்றத்துக்குச் சின்னத் தண்டனை தர வழியில்லாத நீதிமன்றம் எங்கே போய் நிற்கும் என்று நீயே யோசி.

கைதிகளைக் கொத்தாக அனுப்புவதற்குப் பாரிஸ்காரர்கள் வைத்த பெயர் ஃபூர்னே. ரொட்டிக்காரர் அடுப்பில் ஒரு தடவை வைத்து எடுப்பது அது; நம் வீட்டில் ஒரு ஈடு இட்லி என்போமே, அதே. ஜூன் 14-இல் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினை நகரின் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மட்டும் ஆறு வாரத்தில் 1,306 பேர். அவர்களைப் புதைத்த பிக்பூஸ் தோட்டம் இன்றும் இருக்கிறது.

ஜூலை 26-இல் ரோபஸ்பியர் சபையில் சதிகாரர்கள் இருக்கிறார்கள் என்றார், பெயர் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் பெயர்தான் என்று நினைத்தார்கள். உறுப்பினருக்குப் பாதுகாப்பு இல்லாத சபை அல்லவா. மறுநாள் அவரைப் பேசவே விடாமல் கைதுக்கு வாக்களித்தார்கள். பாரிஸ் நகராட்சி அவரை மீட்டு வைத்தது, ஆனால் அதை நம்பி வந்த கூட்டம் இரவில் கரைந்தது. நான்கு நாள் முன்புதான் அதே நகராட்சி கூலி உச்சவரம்புப் பட்டியலை வெளியிட்டுத் தொழிலாளிகளின் கூலியைக் குறைத்திருந்தது. சபை அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியதாக அறிவித்தது. அதனால் ஜூலை 28-இல் விசாரணை நடக்கவில்லை. நீதிமன்றத்தில் நிறுத்தி ஆள் இவர்தான் என்று உறுதி செய்தார்கள், சாயங்காலமே முடிந்தது. கில்லட்டினை அன்று நகர நடுவே பழைய இடத்துக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

பேச்சு எப்படிப் போயிற்று என்று எழுது. வான்தே பற்றிக் கேட்டால் தனியாக எழுதுகிறேன், அது பெரிய சங்கதி.

அன்புடன்,
சேது