பத்து பெரிங்கி வேண்டாம், பாப்பா

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை.

நீ அனுப்பிய ஹோட்டல் பட்டியலைப் பார்த்தோம். எல்லாமே பத்து பெரிங்கி கடற்கரையில்தான் இருக்கின்றன. நீச்சல் குளம் இருந்தால் பிள்ளைகளுக்குப் பொழுது போகும் என்கிறாய். கடலும் நீச்சல் குளமும் மெல்பர்னில் இல்லையா? இந்த முறை பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீட்டைச் செப்பனிட்டு நடத்தும் சிறிய ஹோட்டல் ஒன்றில் தங்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

திருமண நாளை ஒட்டி அம்மாவும் நானும் அப்படி ஓர் இடத்தில் தங்கிவிட்டு வந்தோம். அம்மா முதலில் வரமாட்டேன் என்றாள். "நம்மைக் காலி செய்யச் சொன்ன வீட்டில் காசு கொடுத்துப் போய்ப் படுப்பதா?" என்று கேட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, குயின் ஸ்திரீட்டிலும் கிங் ஸ்திரீட்டிலும் நம் ஆட்கள் சொற்ப வாடகையில் குடியிருந்தார்கள். அந்தச் சட்டம் போய் 2000ஆம் ஆண்டு பிறந்ததும், வீட்டுக்காரர்கள் கேட்டதுதான் வாடகை என்றாகிவிட்டது. நம் வீட்டுக்கும் அதே கதிதான். பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தோமே, அப்போது நீ துவக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் அருகில் இருந்து பார்த்தவன். சனங்கள் போன பின் பல வீடுகள் பூட்டியே கிடந்தன. சிலவற்றின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சமைத்துச் சாப்பிட விற்கும் பறவைக் கூட்டுக்காக உள்ளே குருவி வளர்த்தார்கள். ஓடு சரிந்து, உத்தரம் இற்று, கூரைமேல் ஆலங்கன்று முளைத்தது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பிறகு வெளியூர்ப் பயணிகள் கூடினார்கள், ஹோட்டல்களும் பெருகின. குடும்பங்கள் குடியிருந்த தெருவில் ஹோட்டல்கள் இருப்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பூட்டிக் கிடந்து இடிந்து விழுவதைவிட, விளக்கெரிந்து ஆள் புழங்கும் வீடாக இருப்பது மேல் என்று மனதார நினைக்கிறேன்.

நாங்கள் தங்கிய இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில் ஏறி, கருங்கல் படி தாண்டி, அரைக்கதவைத் தள்ளினால் முன்கூடம். அகலம் குறைவு, ஆனால் பின்கட்டு வரை ரயில் பெட்டி போல நீண்டுகொண்டே போகிறது. நடுவே முற்றம். அதன்மேல் கண்ணாடிக் கூரை போடாமல் வானம் தெரிய விட்டிருக்கிறார்கள். மழை பெய்தபோது தண்ணீர் நேராக முற்றத்துக் கல்லில் விழுந்து வடிந்தது. வெயிலில் சூடேறிய காற்று அந்த வழியாகத்தான் மேலே போகிறது. அதனால் மத்தியானத்திலும் கூடம் குளுமையாக இருந்தது.

நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தடவிப் பார்த்தேன். பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள், கை வைத்தால் காய்ந்து மெத்தென்று இருந்தது. கடலோர ஊர் இது. தரைக்கடியில் இருந்து செங்கலில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் பூசினால் உள்ளேயே தங்கி, ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சுவரைத் தின்றுவிடும். மற்ற ஹோட்டல்களைப் பார்க்கும்போது, அறைக்குள் நுழைந்ததும் புழுக்க வாடை அடிக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மாடியில் முன்னறைத் தரைப்பலகையில் உள்ளங்கை அளவில் ஒரு சதுரம் தனியாகத் தெரிந்தது. பித்தளை வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் கீழே வாசல் நேராகத் தெரியும். கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ள வைத்த ஓட்டை அது. நம் வீட்டிலும் ஒன்று இருந்ததே! என் பேரன் அதை விட்டு நகரமாட்டான், எழுதி வைத்துக்கொள்.

வசதிக் குறைவுகளையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி செங்குத்தானது, பெட்டிகளைக் குறையுங்கள். பலகைத் தரை என்பதால் மேலே நடப்பது கீழே கேட்கும். நடுக்கட்டு அறைகளுக்குத் தெருப்பக்கச் சன்னல் கிடையாது, முற்றத்தைப் பார்த்துச் சன்னல் உள்ள அறையாகக் கேட்க வேண்டும். லெபோ சூலியா தெருப் பக்கத்து முன்னறை வேண்டவே வேண்டாம், நள்ளிரவு வரை கூச்சல். லீத் ஸ்திரீட்டில் சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சியோங் ஃபாட் ஸீ மாளிகையும் இப்போது ஹோட்டல்தான். 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள் கொண்ட வீடு அது. அங்கே தங்க வேண்டியதில்லை, சுற்றிப் பார்த்தால் போதும்.

விடியலில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கு கேட்டு எழுந்தேன். சற்று நேரத்தில் மாரியம்மன் கோயில் மணி அடித்தது. 1801இல் தோன்றிய பள்ளிவாசலும் 1833இல் எழுந்த கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் எழுப்பியவர்களில் நம் தமிழ் பேசிய மனிதர்கள் இருந்தார்கள். உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து இறங்கிய துறை அங்கிருந்து நடக்கும் தூரம். அவர் மூட்டை தூக்கிய கிட்டங்கி, செட்டியார் கடைகள், நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு வாங்கி வந்த சந்து எல்லாமே நடந்து காட்டக்கூடியவை. பத்து பெரிங்கியில் இருந்து நெரிசலில் கார் ஓட்டி வந்து, ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளுக்கு இது எதுவும் ஒட்டாது. காலையில் அங்கேயே கண்விழிக்க வேண்டும்.

நீங்கள் வரும் சமயம் தைப்பூசமும் வருகிறது. 1894ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த நகரத்தார் வெள்ளி ரதம், பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படும். அந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே தேதியை உடனே எழுது. நானே நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்கிறேன். மாப்பிள்ளை நல்ல உயரம், பின்கட்டு நிலைவாசலில் தலை இடிக்காத அறையாகப் பார்க்கச் சொல்லி அம்மா இப்போதே நச்சரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா