வரையர் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்த கதை போன மாதம் முடிந்தது. மேலைநாட்டுக் கதைகளில் வரும் எல்ஃபுகளைப் போல மலைக்காட்டில் வாழும் மாய மக்களும் அடிவாரத்தில் பயிர் செய்யும் மனிதர்களும் ஒரே ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதுதான் கதை. நான் சிங்கப்பூரில் ஈசூன் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவள். காட்டையும் கழனியையும் எனக்குக் காட்டியவர்கள் வேறு சிலர். அவர்களுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் தமிழாசிரியர் ஐயா. எல்ஃபுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் தடுமாறினேன். ‘அணங்கு’ என்று எழுதியிருந்ததை ஐயா அடித்துவிட்டார். “அணங்கு வருத்தும் தெய்வம் அம்மா. அதோடு பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாது” என்றார். மலையில் உலவும் தெய்வப் பெண்களைப் பழைய பாடல்கள் வரையரமகளிர் என்று சொல்லும். அதிலிருந்து ‘வரையர்’ என்று எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். வரை என்றால் மலை. வரை என்றால் கோடு, எல்லை. அந்த ஒரு சொல் கைக்கு வந்த பிறகுதான் கதை எதைப் பற்றியது என்றே எனக்குப் புரிந்தது. ஐயா, உங்கள் சிவப்பு மை பட்ட அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

அப்புறம் தேசிய நூலகத்தில் எனக்காகப் பழைய நூல்களைத் தேடி எடுத்துக் கொடுத்தவர். வரையருக்கும் உழவருக்கும் ஏன் பகை வந்தது என்ற கேள்விக்கு விடை நம் தீவிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே, தோல் பதனிட உதவும் காம்பீர்ச் செடியையும் மிளகையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். காம்பீர் இலையைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது. சில வருடங்களில் மண் சத்திழந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் முளைத்தது. 1883இல் தாவரவியல் தோட்டக் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேண்ட்லி காடுகளின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். புக்கிட் தீமா மலை காப்புக்காடானது அந்தக் காலத்தில்தான். என் கதையிலும் உழவர்கள் ஒரு மலையை அடுப்பில் எரித்துவிட்டு இரண்டாம் மலைக்கு வருகிறார்கள். அங்கேதான் வரையர் நிற்கிறார்கள்.

பகையை எழுதுவது சுலபமாக இருந்தது. சேர்ந்து வாழ்வதை எழுதத்தான் வரவில்லை. உழவர்கள் பழக்கூடையை நீட்ட, வரையர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தேன். மெக்ரிட்ச்சி காட்டுப் பாதையில் என்னை அழைத்துப்போன தன்னார்வ வழிகாட்டி அக்கா அதைப் படித்துவிட்டு, குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று எழுதியிருந்த பலகை முன்னால் என்னை நிறுத்தினார். கையில் கொடுத்துப் பழக்கினால் நாளைக்குப் பையைப் பிடுங்கும், அப்புறம் அதன் மேலேயே பழி வரும் என்றார். சுற்றுச்சூழல் பாலத்தைப் பற்றி விளக்கியதும் அவர்தான். விரைவுச்சாலை வந்து காட்டை இரண்டாக வெட்டியது. 2013இல் அதன் மேலே 62 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி, மண் நிரப்பி, மரம் நட்டார்கள். கீழே லாரி ஓடுகிறது, மேலே இரவில் அலங்கு என்ற எறும்புதின்னி கடந்து போகிறது. என் கதையில் கருவி எடுத்துக்கொண்டு யாரும் நுழையக்கூடாத நடுப்பட்டை ஒன்று இருக்கிறதே, அது அந்தப் பாலத்தைப் பார்த்து வந்தது.

லிம் சூ காங் தோட்டத்து அங்கிள் தமிழ் படிக்க மாட்டார். இதை அவருக்கு மலாயில் படித்துச் சொல்வேன். பாகற்காய் விரல் நீளம் இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டி, வாயை மடித்துக் குத்துகிறார். ஈ முட்டையிடக் கூடாதாம். ஆனால் வேலியோரக் கொடியில் இருந்த காய்களுக்கு உறை இல்லை. கேட்டதற்கு, “அது அவங்களுக்கு” என்று மரங்களைக் கைகாட்டினார். விட்டுவைப்பது வேறு, நீட்டுவது வேறு. பழக்கூடைக் காட்சியை அன்றிரவே எடுத்துவிட்டேன். இப்போது உழவர்கள் கடைசி வரிசையை அறுக்காமல் விடுகிறார்கள். யார் வந்து எடுத்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை.

தேக்காப் புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்த புதுக்கோட்டைத் தம்பிக்கு நான் பட்ட கடன்தான் பெரியது. கட்டுமான வேலை முடித்து, இருந்த ஒரே ஓய்வுநாளில் எனக்காக உட்கார்ந்து பேசினார். அவர் ஊர்க் கோயில்காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்களாம். காவலுக்கு ஆள் கிடையாது, மண்குதிரைகள்தான் நிற்கும். கடலைக் கொல்லையில் பரண் மேல் படுத்து, பன்றி வந்தால் தகரத்தைத் தட்டி அவர் கொடுக்கும் குரலை அந்தப் புல்வெளியிலேயே கொடுத்துக் காட்டினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெரியவர் பதில் குரல் கொடுத்தார். “பன்னியை அடிக்கணும்னு இல்லக்கா, நான் இங்க இருக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்” என்றார் தம்பி. ஐந்தாம் அத்தியாயத்தில் உழவர் மகன் இருட்டில் குரல் கொடுக்க, மேலே காட்டிலிருந்து வரையர் பெண் பதில் குரல் கொடுக்கிறாள் அல்லவா? அது அவருடையது.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் படுக்கையில் கேட்டுவிட்டு, “வரையர் பசங்க பள்ளிக்கூடம் போவாங்களா?” என்று விடாமல் கேட்ட என் மகளுக்கும், சனிக்கிழமைகளில் சமையலைப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும் நன்றி.

அச்சிட்ட பிரதிகளை உங்கள் எல்லாருக்கும் நேரில் கொண்டுவந்து தருகிறேன். தம்பி, வரும் ஞாயிறு அதே புல்வெளிக்கு வந்துவிடுங்கள். ஊருக்கு அனுப்ப அம்மாவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் அக்கா