மருந்துச் சீட்டைத் தரும்போது இனி ஒரு கேள்வி கேட்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மருந்துகளை எடுத்துக் கொடுக்கும் முன் எங்கள் கடையில் இனி ஒரு கேள்வி கேட்போம்: "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? இப்போது இல்லாவிட்டாலும் பிற்பாடு?" ஆண்களிடமும் கேட்போம், கல்யாணம் ஆகாதவர்களிடமும் கேட்போம். பின்னால் அக்கம்பக்கத்தார் நிற்கும்போதோ, மாமியாரோடு வந்திருக்கும்போதோ இதற்கு வாய்விட்டுப் பதில் சொல்வது சங்கடம்தான். அதற்காகக் கவுண்டரில் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம். ஒரு டிக் போட்டு, மருந்துச் சீட்டோடு மடித்துக் கொடுத்தால் போதும். மற்றதை உள்ளறையில் பேசிக்கொள்ளலாம்.

மருந்துப் பெட்டிக்குள் தகவல் தாள் இருக்கிறதே என்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் அது ஆங்கிலத்திலும் இன்னொரு அதிகாரபூர்வ மொழியிலும் வரும், தமிழில் வராது. மொழி தெரிந்தவர்களும் 'கர்ப்பமும் தாய்ப்பாலும்' என்ற பகுதியைக் கர்ப்பம் ஆன பிறகுதான் படிக்கிறார்கள். சில மருந்துகளுக்கு அது காலம் கடந்த வாசிப்பு.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் பிரித்துச் சொல்கிறோம். கருவிலிருக்கும் குழந்தையைக் கெடுக்கும் மருந்து வேறு. கருத்தரிக்கும் சக்தியைக் கொஞ்ச காலம் குறைக்கும் மருந்து வேறு. அந்தச் சக்தியை நிரந்தரமாக அழித்துவிடக்கூடிய மருந்து வேறு. மூன்றுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல.

முதல் வகையில் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் இருக்கிறது. அது கருத்தரிக்கும் சக்தியைக் கெடுப்பதில்லை, ஆனால் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை கருத்தடை கட்டாயம்; அதுவரை ரத்த தானமும் கூடாது. வலிப்புக்கான வால்புரோயேட், அதாவது இங்கே பலர் எப்பிலிம் என்று கேட்டு வாங்குவது, கர்ப்பத்தில் தொடர்ந்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய உடல் குறை வரலாம்; பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். இதைப் படித்த பதற்றத்தில் யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே டாக்டரிடம் போய் மருந்தைப் படிப்படியாக மாற்றிக்கொள்வதுதான் வழி.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டும் கருவுக்கு ஆகாதது. நிறுத்தி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். பெண்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் வரை. இதில் இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. மூட்டுவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரே நாள் எடுக்கும் மருந்து. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை செயலிழக்கும். வாய்ப்புண்ணும் காய்ச்சலும்தான் முதல் அடையாளம். அதனால் எங்கள் லேபிளில் 'திங்கட்கிழமை மட்டும்' என்பதுபோல் நாளின் பெயரையே எழுதித் தருகிறோம். ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறொரு நாள். தவறி நடந்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777 இரவு பகலாக இயங்குகிறது.

இரண்டாவது வகை ஆண்களைப் பற்றியது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. ஆகவே இன்று எடுத்த மருந்தின் விளைவு மூன்று மாதம் கழித்துத் தெரியும், நிறுத்தினாலும் அதே அளவு காலம் பிடிக்கும். குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசின் அப்படிப்பட்டது; நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகும், அதற்குப் பதிலாக மெசலசின் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் மோசம். ஆண்மைக்கான ஹார்மோன் என்பதால் விந்தணு கூடும் என்று நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். திரும்ப எழ ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேறு மாதிரி. அது கருத்தடை மாத்திரையையும் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் வலுவிழக்கச் செய்யும். மருந்து முடிந்து நான்கு வாரம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

மூன்றாவது வகைக்காகத்தான் முக்கியமாக இந்த மடல். புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகள் சில, குறிப்பாகச் சைக்ளோபாஸ்ஃபமைடு, கருமுட்டைகளையும் விந்தணுவை உண்டாக்கும் செல்களையும் அழிக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பாதிக்கும்போதும் இதே மருந்தைத் தருவதுண்டு. அளவு கூடக் கூடச் சேதமும் கூடும். பெண்ணுக்கு வயது கூடியிருந்தால் கையிருப்பு முட்டைகள் குறைவு என்பதால் இழப்பு இன்னும் பெரிது. இதற்கு முன்னேற்பாடு உண்டு: முட்டையையோ விந்தையோ முன்பே எடுத்து உறையவைப்பது. ஆனால் முதல் டிரிப் ஏறும் முன் செய்ய வேண்டும். நோய் உறுதியான நாளிலேயே "சேமித்து வைக்க யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று புற்றுநோய் டாக்டரைக் கேளுங்கள்.

ஆண்களுக்கு இது எளிது. இரண்டு மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்து, பிறகு விந்து மாதிரி கொடுத்தால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைப்பார்கள். பல பத்தாண்டுகள் கெடாது. இரண்டு மூன்று மாதிரி நல்லது, நேரமில்லாவிட்டால் ஒன்றாவது கொடுத்துவிட வேண்டும். பருவமடைந்த பையன்களுக்கும் இது முடியும். அப்பா அம்மாவுக்கு இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் பேசச் சொல்லுங்கள், ஆனால் பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

பெண்களுக்கு முட்டைகளை வளர்க்க 10 முதல் 14 நாள் ஹார்மோன் ஊசி போட்டு, பிறகு முட்டைகளை எடுத்து உறையவைப்பார்கள். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறாமலிருக்கக் கூடவே லெட்ரோசோல் மாத்திரை தருவார்கள். பருவமடையாத சிறுமிக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைப்பது ஒன்றுதான் வழி. கோசெரெலின் 3.6 மி.கி. ஊசி கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன் தொடங்கி 28 நாளுக்கு ஒருமுறை போடுவார்கள். அது சினைப்பைக்கு ஓரளவு காப்பு. முட்டை சேமிப்பதற்கு மாற்று அல்ல. செலவில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் வரும்.

வீட்டில் தவறு நடப்பது முட்டையை வளர்க்கும் அந்த ஹார்மோன் ஊசிகளில்தான். ஹார்மோன் பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சில பேனாக்களை 25 டிகிரிக்குள் சில வாரம் வெளியே வைக்கலாம் என்று தாளில் இருக்கும். டர்பனின் பிப்ரவரி வெக்கையில் அதை நம்ப முடியாது. உறைவிப்பான் தட்டை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்து உருகியது பார்வைக்கு நன்றாகவே இருக்கும், உள்ளே புரதம் கெட்டிருக்கும், பயன்படுத்தாதீர்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் காப்பு. குத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை வெளியே எடுக்காதீர்கள், இல்லாவிட்டால் மருந்து வழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஊசி முனையைக் கழற்றிவிடுங்கள்.

முட்டையை முதிரவைக்கக் கடைசியாகப் போடும் 'டிரிக்கர்' ஊசிக்கு நிமிடக் கணக்கு உண்டு. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். முந்திப் போட்டால் முட்டை வெளியேறிவிடலாம், பிந்தினால் முதிராமல் இருக்கும். போனில் இரண்டு அலாரம் வையுங்கள். நேரம் தவறினால் மறைக்காமல் உடனே கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அவர்கள் அறுவை நேரத்தை மாற்ற முடியும்.

குழந்தைக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களுக்கும்: 2003 முதல் இந்நாட்டு மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆனாலும் மாத்திரை வேண்டும், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ இருந்தால் 5 மி.கி. என்ற கூடுதல் அளவு.

ஊரிலிருந்து வரும் லேபிள் இல்லாத பஸ்பங்களையும் செந்தூரங்களையும் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. ஈயம் விந்தணுவைக் கெடுக்கும், கருவுக்கும் போய்ச் சேரும். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், சேர்த்துப் பார்க்கத்தான் கேட்கிறோம்.

வரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், தலைவலித் தூளும் சேர்த்து. ஹார்மோன் ஊசி வாங்குவதாக இருந்தால் ஐஸ் பெட்டியும், ஐஸ் மருந்தைத் தொடாதபடி சுற்ற ஒரு துண்டும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடையார்,
சாட்ஸ்வொர்த், டர்பன்