கொல்வதற்கு முந்தைய நாற்பது நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவள்ளுவர் தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி ஆகிய நாள்களில் இறைச்சிக் கடைகளை மூடுவது சரியா என்று உங்கள் வாசகர் பகுதியில் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு சாரார் சீவகாருண்யம் என்கிறார்கள். மறு சாரார் என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல நீ யார் என்கிறார்கள். கறி தின்பவரைத் தாழ்வாக நினைக்கும் பேச்சுக்கு இந்த மண்ணில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. கொன்று தின்னலாமா என்பதற்கு அவரவர் வீட்டில் ஒரு விடை இருக்கிறது, இருக்கட்டும். அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை யாரும் எழுப்பக் காணோம். அந்தக் கோழி உயிரோடு இருந்த நாள்களில் எப்படி இருந்தது? கடையை ஒரு நாள் மூடினால், லிஃப்டிங், அதாவது விற்பனைக்குக் கோழியை ஏற்றுவது, தள்ளிப்போய் அது கொட்டகையில் இன்னும் ஒரு நாள் இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வணிகப் பக்கத்தில் நாமக்கல் முட்டை விலையும் பல்லடம் கறிக்கோழி விலையும் தவறாமல் வருகின்றன. அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கறிக்கோழி. பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சு 40 கிராம் சொச்சம் இருக்கும். முதல் வாரம் புரூடர் என்னும் சூட்டு விளக்குக்கு அடியில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைப்பார்கள். 40 நாளில் அது 2 கிலோவைத் தாண்டிவிடும். அதற்குள் அது தின்ற தீவனம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, அது உண்மையில்லை. பத்தாயிரம் கோழிக்கு ஊசி போட ஆளும் கிடையாது, தேவையும் கிடையாது. வேகம் இருப்பது விதையில். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி வம்சங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 56-ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஐம்பது ஆண்டுக்குள் நாலரை மடங்கு.

நெஞ்சுச் சதை வளர்ந்த வேகத்துக்கு எலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடு கொடுக்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் கொட்டகைக்குள் நின்று பார்த்தால் தெரியும்: தீவனத் தட்டுவரை நாலு எட்டு வைக்கும், உட்காரும், மறுபடி நாலு எட்டு. பெரும்பாலான நேரம் உட்கார்ந்தேதான் இருக்கும். சில கோழிகளுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழி திடீரென இறக்கையடித்து மல்லாந்து செத்துப்போகும். பெரும்பாலும் பேட்ச்சில் நன்றாக எடை ஏறிய கோழியாகத்தான் இருக்கும். கறிக்கோழிக்குக் கூண்டு கிடையாது. அதன் கூண்டு அதன் உடம்பு.

இட நெருக்கடியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் திறந்த கொட்டகைகளில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது வழக்கம். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 24 கிலோவுக்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக 33 கிலோவும், சில நிபந்தனைகளோடு 42 கிலோவரையும் அனுமதிக்கிறது. அந்த வகையில் நம் பண்ணையாளர் கொடுப்பது கூடுதல் இடம்தான். ஆனால் இப்போது பெருகிவரும் ஈ.சி. கொட்டகைகளில், அதாவது காற்றையும் சூட்டையும் கருவியால் கட்டுப்படுத்தும் மூடிய கொட்டகைகளில், விசிறியையும் ஈரத்திரையையும் நம்பி நெருக்கிப் போடுகிறார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கிளம்பாமல் போனால் சில நிமிடங்களிலேயே சாவு விழத் தொடங்கிவிடும்.

திறந்த கொட்டகையின் எதிரி வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாகிறவை பெரும்பாலும் கடைசி வாரத்துப் பெருத்த கோழிகள். காலை பத்து முதல் மாலை நான்குவரை தீவனத்தை நிறுத்துவது, கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து மேலே தண்ணீர் தெளிப்பது, தொட்டி நீர் சூடாகாமல் நிழல் போடுவது என மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் பாதிச் சேதத்தைத் தவிர்க்கலாம்.

அடுத்தது கூளம். கொட்டகைத் தரையில் தேங்காய் நார்த்தூளோ உமியோ இரண்டு மூன்று அங்குலம் பரப்புவார்கள். நிப்பிள் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) உயரம் கோழியின் வளர்ச்சியோடு ஏறாவிட்டால் தண்ணீர் சிந்தும், கூளம் கட்டியாகும், எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் லேசாக விரிசல் விட வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அமோனியா 25 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்ணாகும். ஈரக் கூளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கோழிக்குப் பாதத்தின் நடுவிலும் கணுக்காலிலும் தோல் வெந்து கறுக்கும். தினமும் கிளறிவிட்டால் இது பெரும்பாலும் வராது. பத்தாயிரம் கோழியைக் கணவனும் மனைவியும் மட்டும் பார்க்கும் இடத்தில் தினமும் கிளறுவது நடக்காது.

யாரும் பேசாத ஒன்று தாய்க்கோழிகளின் பசி. கறிக்கோழிக் குஞ்சுகளின் தாயும் தந்தையும் அதே வேகத்தில் வளரும் இனம். வயிறாரத் தின்னவிட்டால் முட்டையிடும் வயதுவரை உடம்பு தாங்காது. அதனால் வளரும் பருவத்தில், அவை தின்ன விரும்பும் அளவில் கால் பங்கு முதல் பாதிவரைதான் தீவனம். பிள்ளைகளின் எடைக்காகப் பெற்றவை மாதக்கணக்கில் பசியோடு வளர்கின்றன.

இனி முட்டை. கறியை விட்டுவிட்டேன், முட்டை மட்டும் சாப்பிடுகிறேன் என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் பலர். துன்பத்தைக் கணக்கிட்டால் முட்டைதான் பெரிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. கறிக்கோழிக்கு 40 நாளில் முடிந்துவிடுகிறது. முட்டைக்கோழிக்கு 72 வாரம், சில இடங்களில் 80 வாரம்.

பொரித்த அன்றே தொடங்குகிறது. முட்டை இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் வைக்காது. பெட்டைக் குஞ்சு எவ்வளவு வேண்டுமோ ஏறக்குறைய அதே அளவு சேவல் குஞ்சும் பொரியும், அன்றே கொன்றுவிடுகிறார்கள். தெருவிலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ் சாயம் பூசிப் பிள்ளைகளுக்கு விற்பவை பெரும்பாலும் இதில் தப்பியவைதான். ஜெர்மனி இதை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டறியும் கருவிகள் வந்துவிட்டன.

பெட்டைக்குப் பத்து நாள் வயதுக்குள் சூட்டுக் கத்தியால் மூக்கு, அதாவது அலகின் நுனி, வெட்டுவார்கள். அலகு வெறும் நகம் இல்லை, உள்ளே நரம்பு ஓடுகிறது. கத்தி சரியான சூட்டில் இல்லாவிட்டாலோ ஆழமாக வெட்டினாலோ நுனியில் நரம்பு முடிச்சுக் கட்டி வலி நீடிக்கும். வெட்டாமல் விட்டால் நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தும் என்பது பண்ணையாளரின் பதில், அதுவும் உண்மைதான். நெருக்கடி முதலில் வந்தது, கத்தி அதற்குப் பின்னால் வந்தது.

பிறகு கம்பிக் கூண்டு. ஒரு கோழிக்குக் கிடைப்பது 400 முதல் 450 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 624. சிறகை விரிக்க முடியாது, திரும்புவதற்குப் பக்கத்துக் கோழி நகர வேண்டும். முட்டையிடுவதற்கு முன் கோழி மறைவிடம் தேடும். கூண்டில் அது முன்னும் பின்னும் தவித்துக் கத்துவதை அதிகாலைக் கொட்டகையில் கேட்கலாம். மண்ணே இல்லாத கம்பியின் மேல் உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்து, மண்ணில் புரள்வதுபோல உடம்பைத் தேய்க்கும். தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பார்க்காத கோழியும் இதைச் செய்கிறது.

ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், கோழி தின்னாத நேரத்தில். தீவனத்தில் கிளிஞ்சல் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இட்டு, நடமாட்டமும் இல்லாத கோழியின் எலும்பு அப்பளம்போல ஆகிவிடும். ஒருநாள் எழுந்து நிற்க முடியாது. நிப்பிள் ஒரு சாண் தூரத்தில் இருக்க, எட்டாமல் தாகத்திலேயே சாகும். இப்படிக் கிடக்கும் கோழியை வெளியே எடுத்துத் தரையில் விட்டு, தண்ணீரும் கிளிஞ்சலும் பக்கத்தில் வைத்தால் பல கோழிகள் சில நாளில் எழுந்து நடந்துவிடும். பண்ணையாளர்கள் இதையாவது தவறாமல் செய்ய வேண்டும்.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே வந்தது. போதிய அளவு அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை வைப்பது குற்றம் என்று அதன் 11-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய். இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தந்த 269-ஆவது அறிக்கை இந்தக் கோழிகளைப் பற்றியதுதான். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டராவது வேண்டும் என்றன. அதுவும் ஏ4 தாளுக்குக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டுகள் 2012 ஜனவரி 1 முதல் தடை. அங்கே அனுமதிக்கப்பட்ட கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், முட்டையிட மறைவிடம், உட்கார ஒரு கட்டை.

மருந்து விஷயம் கோழியோடு நிற்பதில்லை, நம் வீட்டுக்கும் வருகிறது. மருந்து கொடுத்த பின் இத்தனை நாள் கழித்தே கறிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி 2012 முதல் இருக்கிறது. லேபிளில் நாள் குறிப்பிடாத மருந்து என்றால் கறிக்கு 28 நாள், முட்டைக்கு 7 நாள். 40 நாள் வாழும் கோழிக்கு 28 நாளைக் கழித்தால் 12-ஆம் நாளுக்குப் பின் அப்படிப்பட்ட மருந்தைத் தொடவே கூடாது. சளியும் ஈ-கோலை என்ற பாக்டீரியாவும் சேர்ந்து தாக்குவதோ பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான். அப்போது தொட்டியில் என்ன கலந்தார்கள், எந்த நாளில் கலந்தார்கள் என்பது கடைக்கு வரும் லோடில் எழுதியிருப்பதில்லை. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கோழிக்குக் கொடுக்கப்பட்டுவந்தது. மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நல்ல முடிவு. மற்ற மருந்துகளுக்கும் கணக்கு வேண்டும்.

இவ்வளவுக்கும் பண்ணையாளரைக் குற்றம் சொல்வது அநியாயம். பல்லடம், உடுமலைப் பக்கம் பெரும்பாலானவை கம்பெனி வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து, விற்பனை எல்லாம் கம்பெனி கையில். கொட்டகை, கரண்ட், கூளம், உழைப்பு விவசாயி தலையில். கூலி கிலோவுக்கு இத்தனை என்று கணக்கு. சாவு கூடினாலோ தீவனம் கூடினாலோ கூலி குறையும். வேகம் குறைந்த இனம் வேண்டும், குறைவான குஞ்சு போடுங்கள் என்று கேட்கும் இடத்தில் அவர் இல்லை. இனத்தைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி, கூலியை முடிவு செய்வது கம்பெனி. கேள்வியும் அங்கேதான் கேட்கப்பட வேண்டும். நெதர்லாந்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வேகமாக வளரும் இனத்தின் கறியைத் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாக வளரும் இனத்துக்கு மாறின. அதற்கு 50 நாளுக்கு மேல் ஆகும், தீவனச் செலவும் கூடும், கறி விலையும் கூடும். வாரம் மூன்று முறை வாங்குபவர் இரண்டு முறை வாங்கினால் வீட்டுச் செலவு பெரிதாக ஏறாது.

விலை கூடினால் ஏழைப் பிள்ளையின் தட்டில் முட்டை குறையுமே என்ற கவலை நியாயமானது. சத்துணவில் வாரம் 5 முட்டை என்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காரியம், அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. அதே காரணத்தால், அரசும் நாமக்கல் முட்டையைப் பெருமளவில் வாங்குகிறது. எடையையும் தரத்தையும் பேசும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்ற நிபந்தனையையும் சேர்த்து, கூண்டு மாற்ற மூன்று நான்கு ஆண்டு அவகாசமும், முட்டைக்குச் சில காசு கூடுதலும் கொடுத்தால் மற்றப் பண்ணைகளும் பின்னால் வரும்.

கறிக்கடைக்காரர்களுக்கும் ஒன்று. கழுத்தை அறுத்து டிரம்மில் போடும்போது கோழி இறக்கையடித்து எலும்பு முறித்துக்கொள்கிறது. ஒரு தகரக் கூம்பைச் சுவரில் அடித்து, கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கி, தீட்டிய கத்தியால் கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாயையும் ஒரே வீச்சில் அறுத்தால் இறக்கை அடங்கியிருக்கும், ரத்தமும் முழுதாக வடியும். ஹலால் முறையில் அறுப்பவர்களும் இந்தக் கூம்பைப் பயன்படுத்தலாம். குறைந்தது இரண்டு நிமிடம், அசைவு முழுதும் நிற்கும்வரை, தோல் உரிக்கத் தொடங்கக் கூடாது. மொபெட் ஹேண்டில்பாரில் பத்துக் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை இன்றே நிறுத்தலாம். ஒரு பிளாஸ்டிக் கிரேட் போதும்.

வாங்குபவர்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போது வெட்டி ஒதுக்கிய கோழிக்கால்களை ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். பாதத்தின் நடுவில் மஞ்சள் தோல் சுத்தமாக இருந்தால் அந்த பேட்ச்சின் கூளம் காய்ந்திருந்தது. கறுத்த பொருக்கு இருந்தால் அந்தக் கோழி வாரக்கணக்கில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கம்பெனி லோடு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

இங்ஙனம்,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
பல்லடம்.