முன்பின் அணி நடத்தாதவர்

எடிசன், நியூ ஜெர்சி
டிசம்பர் 7, 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உங்கள் சான் பிரான்சிஸ்கோ பேஸ்பால் அணியான ஜயண்ட்ஸின் நிர்வாகத்தைத் திட்டியிருக்கிறாய். மகள் வேலை மாறியது, உனக்குச் சர்க்கரை ஏறியது, வீட்டுக் கூரையில் ஒழுகுவது எல்லாவற்றையும் மீதி அரைப் பக்கத்தில் திணித்துவிட்டாய். முதலில் சர்க்கரையைக் கவனி. உங்கள் புது மேனேஜர், அதாவது அணியைக் களத்தில் நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், டோனி விட்டெல்லோ மார்ச் மாதம் வரை ஒரு ஆட்டத்திலும் தோற்கப்போவதில்லை.

உன் கோபம் புரியாமல் இல்லை. ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடும் அணியை, கல்லூரிப் பையன்களை வைத்து வாரக் கடைசியில் மூன்று ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள். டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் அவர் மட்டையும் பிடித்ததில்லை, பயிற்சியும் கொடுத்ததில்லை. அப்படி ஒருவர் கல்லூரியிலிருந்து நேராக, தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு அணியின் மேனேஜராவது இதுவே முதல் தடவை. அவரை நியமித்த ஜயண்ட்ஸ் நிர்வாகத் தலைவர் பஸ்டர் போசி, அந்த அணிக்கே ஆடி மூன்று கோப்பை ஜெயித்த கேட்ச்சர் என்பதற்காக அவர் செய்வதையெல்லாம் தலையாட்டி ஏற்க வேண்டுமா என்று நீ கேட்பது நியாயமான கேள்விதான். இருந்தாலும் உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் இதே டிசம்பரில் நான் உனக்குத் தொலைபேசியில் கத்தியதை, பெயரை மட்டும் மாற்றி, எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

2017இல் எங்கள் நியூயார்க் யாங்கீஸ் அணி மேனேஜர் ஜோ ஜிரார்டியை வீட்டுக்கு அனுப்பியது. பத்து சீசன் நடத்தியவர், 2009இல் கோப்பை கொடுத்தவர், அந்த ஆண்டும் கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் ஹூஸ்டனிடம் தோற்றவர். அவர் இடத்துக்கு யார்? முன்னாள் வீரர் ஆரன் பூன். எங்கே இருந்தார்? தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். மேனேஜர் வேலையை விடு, பயிற்சியாளராகக்கூட ஒரு நாள் எங்கும் இருந்ததில்லை. எங்கள் தெருமுனையில் முடிவெட்டும் கடைக்காரர் பிறந்ததிலிருந்தே யாங்கீஸ் பக்தர். அன்று என் தலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கத்தரியைக் காற்றில் ஆட்டி, கால்மணி நேரம் பேசினார். 'நானும்தான் முப்பது வருடமாக ஆட்டம் பார்க்கிறேன், எனக்கு ஏன் வேலை தரவில்லை?' என்று கேட்டார். வலது காதுப் பக்கம் மட்டும் முடி குறைந்த நிலையில் நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

பூனுக்கு ஆதரவாகப் பேசியவர்கள் கையில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, 2003 அக்டோபர். பாஸ்டனுடன் தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ் (ஒன்பது சுற்றில் சமமாக இருந்தால் ஆட்டம் இப்படி நீளும்). சரியாக ஆடவில்லை என்று அன்று தொடக்க அணியில் வைக்காமல் உட்காரவைக்கப்பட்டவர், எட்டாவது இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாக ஓடுவதற்காக உள்ளே வந்தவர், பாஸ்டன் பந்துவீச்சாளர் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தையே இடது பக்க இருக்கைகளுக்குள் தூக்கி அடித்து யாங்கீஸை ஜெயிக்கவைத்தார். பாஸ்டன்காரர்கள் அவர் பெயருக்கு நடுவே இன்றும் ஒரு கெட்ட வார்த்தையைச் செருகித்தான் சொல்வார்கள். இரண்டு, குடும்பம். தாத்தா, அப்பா, அண்ணன் எல்லோரும் மேஜர் லீக். அப்பா பாப் பூன் சின்சினாட்டியில் மேனேஜராக இருந்தபோது மகன் அவருக்குக் கீழேயே ஆடினார். 2003 ஜூலையில் அப்பாவை வேலையைவிட்டு நீக்கி, மூன்று நாள் கழித்து மகனை யாங்கீஸுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் வேலை எப்படிப் பறிபோகும் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்று நம் தமிழய்யா சொல்வாரே, கிட்டத்தட்ட அந்த வாதம்தான். நான் ஏற்கவில்லை. வித்வான் பிள்ளை என்றால் மேடையேற்றிவிடுவார்களா என்று உன்னிடம் கேட்டேன். நீ கூட, 'ஏற்றுகிறார்களே' என்றாய்.

2018இல் பூன் 100 ஆட்டம் ஜெயித்தார். அடுத்த ஆண்டு 103. முதல் இரண்டு சீசனிலும் நூறைத் தொட்ட மேனேஜர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. ஆனால் எங்களைக் கேட்டால் 2018 என்றதும் நூறு வெற்றி நினைவுக்கு வராது; பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றில், பாஸ்டனுடன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸ்தான் வரும். எங்கள் மைதானம். எங்கள் பந்துவீச்சாளர் லூயிஸ் செவரினோவின் பந்து எதுவும் பலிக்கவில்லை, பேஸ் என்னும் தளங்கள் மூன்றிலும் பாஸ்டன் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள், ஒருவரும் அவுட் இல்லை. பூன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதற்குப் பிறகுதான் மாற்றுப் பந்துவீச்சாளர் லான்ஸ் லின்னை அழைத்தார். அவர் வந்து, நான்கு தப்புப் பந்து வீசி ஒருவரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டு ஓட்டம் கொடுத்தார்; அடுத்தவர் அடித்த அடியில் மூன்று பேரும் ஓடி முடித்து ஓட்டம் எடுத்தார்கள். 16-1 என்று தோற்றோம். மறுநாள் முடிவெட்டுபவரிடம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. கற்றுக்குட்டி, கற்றுக்குட்டி என்று ஊரே சொன்னது.

இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் நின்ற பாஸ்டன் மேனேஜர் அலெக்ஸ் கோராவுக்கும் அது முதல் சீசன். முந்தைய இரண்டு ஆட்டத்தில் தொடக்கத்தில் இறக்காத பிராக் ஹோல்ட்டை அன்று இறக்கினார். ஹோல்ட் ஒரு தளம், இரண்டு தளம், மூன்று தளம் ஓடும் அடிகள், ஹோம் ரன் என நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடித்தார். பிளேஆஃப் வரலாற்றில் அதற்குமுன் யாரும் செய்யாதது. கோரா அந்த ஆண்டு 108 வெற்றியோடு கோப்பையையும் கொண்டுபோனார். இரு தரப்பிலும் புதியவர்தான், ஆனால் தோற்றவர் மட்டும் கற்றுக்குட்டி. அனுபவம் வேண்டும் என்றால் பூன் பக்கத்திலேயே இருந்தது: பந்துவீச்சுப் பயிற்சியாளர் லாரி ராத்ஸ்சைல்டு, டாம்பா அணியை அதன் முதல் சீசனிலிருந்து நடத்திய முன்னாள் மேனேஜர்.

சரி, ஆறு வருடம் தள்ளிப் போவோம். 2024 அக்டோபர் 25, லாஸ் ஏஞ்சலஸ், உலகத் தொடர் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியான டாட்ஜர்ஸின் இரண்டு ஆட்கள் தளத்தில், அவர்களுடைய நட்சத்திரம் ஓதானி அடிக்க வருகிறார். எங்கள் பந்துவீச்சாளர் டிம் ஹில் தயாராக இருக்கிறார். பூன் அழைத்ததோ ஒரு மாதத்துக்கு மேல் ஆட்டத்தில் பந்தே வீசாத நெஸ்டர் கோர்டெஸை. முதல் பந்தில் ஓதானி அவுட். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். மூக்கி பெட்ஸை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். அடுத்து கணுக்கால் வலியோடு நொண்டிக்கொண்டிருந்த ஃப்ரெடி ஃப்ரீமன். கோர்டெஸ் அவருக்கு வீசிய முதல் பந்து வலது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மூன்று தளத்திலும் ஆள் இருக்கும்போது அடித்து நான்கு ஓட்டம் எடுக்கும் ஹோம் ரன்தான் கிராண்ட் ஸ்லாம்; ஆட்டத்தையே முடித்துவைக்கும் கிராண்ட் ஸ்லாம் உலகத் தொடரில் அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. எழுந்தவன் எழுந்தபடியே நின்றேன். என் மனைவி வந்து தொலைக்காட்சியை அணைத்தாள்.

அது பூனுக்கு ஏழாவது சீசன். 'புதியவர்' என்று சொல்ல வழியில்லை. அதனால் என்ன சொன்னோம் தெரியுமா? 'ஏழு வருடமாகியும் கற்றுக்கொள்ளவில்லை' என்றோம். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். ஜிரார்டி 2017இல் கிளீவ்லாந்துடன் ஆடியபோது நடுவர் முடிவுக்கு மறுபரிசீலனை கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டு, அடுத்த அடியிலேயே கிராண்ட் ஸ்லாம் வாங்கினாரே, அவரை எங்கள் மைதானத்திலேயே கூவித் தீர்த்தோம். அவர் அனுபவத்தைக் குறித்து ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு அவரை நீக்கியதும், ஐயோ அனுபவசாலி போய்விட்டாரே என்று அழுதவர்களும் நாங்களேதான்.

விட்டெல்லோ ஜெயிப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். கல்லூரியில் பயிற்சியாளர்தான் ராஜா. யாரைச் சேர்ப்பது, யாரை உட்காரவைப்பது எல்லாம் அவர் சொல்தான். அங்கே நடுவரை நெஞ்சால் முட்டித் தடை வாங்கியவர் அவர். பையன்கள் அதற்கே அவரைக் கொண்டாடினார்கள். இங்கே ரஃபேல் டெவர்ஸ் போன்ற ஒருவர், மேனேஜரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறவர், ஜூலையில் நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகு அந்தக் கூச்சலை எப்படி எடுத்துக்கொள்வார்? டென்னசியில் அவரிடம் ஆடிய ட்ரூ கில்பர்ட் உங்கள் அணியில் இருக்கிறார், அவர் துள்ளுவார். மற்றவர்கள்? நான் பார்க்கக் காத்திருப்பது அதைத்தான். அனுபவமில்லை என்று மட்டும் சொல்லாதே. 1993 சீசனுக்கு, மேஜர் லீக்கில் அதுவரை அணி நடத்தாத டஸ்டி பேக்கரை மேனேஜராக்கியது உங்கள் ஜயண்ட்ஸ்தான். 103 வெற்றி. அட்லாண்டா 104 எடுத்ததால் கடைசி நாளில் பிளேஆஃப் வாய்ப்புப் போயிற்று, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்றாம் ஆண்டில் என்னை விடுதி மெஸ் செயலாளராக்கியபோது, 'அடுப்பு பற்றவைக்கத் தெரியாதவனா?' என்று கரும்பலகையில் எழுதியது யார்? சாக்பீஸ் மாவு உன் விரலில் இருந்ததை அன்றே பார்த்தேன். மலிவாகக் கிடைத்ததே என்று மூட்டை மூட்டையாகக் கத்தரிக்காய் வாங்கி எட்டு நாள் உங்களை வதைத்தது உண்மைதான். ஒன்பதாம் நாள் தலைமைச் சமையல்காரர் என்னைத் தனியே அழைத்து, 'தம்பி, கணக்கை நீங்கள் பாருங்கள், சந்தைக்கு நான் போகிறேன்' என்றார். அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. நீ கரும்பலகையை மட்டும் அழிக்கவில்லை.

மார்ச் 25, புதிய சீசனின் முதல் ஆட்டம், சான் பிரான்சிஸ்கோவில். வருவது எங்கள் யாங்கீஸ். உங்கள் புதியவருக்கு அதுதான் முதல் ஆட்டம்; எதிரில் நிற்கப்போவது பூன். நான் விமான டிக்கெட் பார்த்துவிட்டேன். மைதான டிக்கெட் உன் பொறுப்பு. மூன்றாவது பேஸ் பக்கமாகக் கிடைத்தால் எடு. இல்லையென்றால் எங்கே கிடைத்தாலும் சரி. மாலையில் அங்கே குளிரும் என்கிறார்கள், எனக்கும் சேர்த்து ஒரு போர்வை எடுத்துவை. மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
கண்ணன்