லைப்சிக்கிலிருந்து விஜயாவுக்கு

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானா, சந்தோஷம். அவனைப் பார்த்துக்கொள்ள நீ சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறாய், மாப்பிள்ளை ஒரே வாரத்தில் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். கூடவே, "ஐரோப்பாவில் பிள்ளை பெற்றால் அரசு பணம் தருகிறதாமே, அதனால் பிறப்பு கூடியதா?" என்று கேள்வி வேறு.

கொஞ்ச நாளைக்குக் கூடும், அப்புறம் இறங்கிவிடும். போலந்தில் 2016இல் பிள்ளைக்கு மாதம் 500 ஸ்லோட்டி தர ஆரம்பித்தார்கள். மறு வருஷம் பிறப்பு சற்றே ஏறியது. இப்போது தொகை 800, ஆனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.2 பிள்ளைகூட இல்லை. அதற்காக அந்தப் பணம் வீண் என்று சொல்லமாட்டேன். அதனால் பிள்ளைகளின் வறுமை குறைந்தது. பச்சைக் குழந்தைக்குத் துணிமணி நிறைந்த பெட்டியை 1938இலிருந்தே கொடுத்துவரும் பின்லாந்திலும் சராசரி சுமார் 1.3தான். நம் தமிழ்நாட்டிலும் சுமார் 1.4 ஆக இறங்கிவிட்டதே!

அதனால்தான், குடும்பக் கொள்கைக்கெல்லாம் பிறப்பு விகிதத்தை வைத்து மார்க் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பிறந்த பிள்ளையை யார் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2007இல் புதுச் சட்டம் வந்தது. விடுப்பு எடுத்தால் கைக்கு வந்த சம்பளத்தில் சுமார் 67 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1800 யூரோ. மொத்தம் 14 மாதம், ஆனால் கடைசி இரண்டு மாதம் இணையரில் மற்றவரும் எடுத்தால்தான் கிடைக்கும். அதற்கு முன் நூற்றுக்கு மூன்று அப்பாக்கள்தான் விடுப்பு எடுத்தார்கள். இப்போது நாற்பதுக்கு மேல். உடனே கைதட்டிவிடாதே! பெரும்பாலோர் அந்த இரண்டே மாதத்தோடு சரி. அதையும் மனைவியோடு சேர்ந்தே எடுத்து, வேன் பிடித்து இத்தாலி, ஸ்பெயின் என்று சுற்றி வந்தவர்கள் என் ஆபீசிலேயே உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு, இருவரும் ஒரே நேரத்தில் எடுப்பதை ஒரு மாதமாகச் சுருக்கிவிட்டார்கள். அந்த 1800 யூரோ மட்டும் 2007இல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டு வாடகை அப்படியா இருக்கிறது?

இதைவிட என்னை யோசிக்க வைப்பது கிழக்கும் மேற்கும். பழைய கிழக்கு ஜெர்மனியில் அம்மா வேலைக்குப் போவதும் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுவதும் சாதாரணம். நாடு ஒன்றானதும் ஆலைகள் மூடி, வேலை போய், 1994இல் அங்கே பிறப்பு ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.77 வரை விழுந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிழக்கில் பாதிக்கு மேல் காப்பகம் போகிறார்கள், மேற்கில் மூன்றில் ஒரு பங்குதான். சட்டம் ஒன்றாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது! இங்கே என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி மேற்குப் பக்கத்துப் பவேரியாக்காரி. அவள் அம்மா போனில், "இத்தனூண்டு பிள்ளையை விட்டுவிட்டா வேலைக்குப் போகிறாய்?" என்கிறாராம். கிழக்கிலுள்ள இந்த லைப்சிக்கிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டியோ, "ஒரு வயசு ஆயிடுச்சே, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாராம். பாவம், இரண்டு பக்கமும் இடி.

இனி உனக்கான சேதி. அப்பாவும் எடுக்கலாம் என்று 1974லேயே பெற்றோர் விடுப்பு கொண்டுவந்த ஸ்வீடனில், பிள்ளைக்கு 480 நாள் உண்டு. 2024 ஜூலையிலிருந்து, அதில் பெற்றோர் ஒவ்வொருவரும் 45 நாள் வரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். தாத்தா பாட்டியும் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளையைப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஆனால் 90 நாள் அப்பாவுக்கே, 90 நாள் அம்மாவுக்கே என்று ஒதுக்கியிருப்பதில் மட்டும் பாட்டி கை வைக்க முடியாது. மாப்பிள்ளையிடம் அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டு, என்ன சொல்கிறார் என்று எழுது.

அன்புடன்,
சுமதி