கிளினிக் கொப்பியில் அந்த ஸ்டிக்கரையும் ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் வைக்கிற செயற்கை எலும்பைப் பற்றி இங்கே பெரிதாக யாரும் கதைப்பதில்லை. பனையால் விழுந்தவர்களும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்களும் எங்கள் பக்கத்தில் குறைவில்லை, அவர்களில் சிலருக்கு இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்க வேண்டி வருகிறது. ஆணியும் கம்பியும் தற்காலிகப் பிடிமானம்தான். நடுவில் எலும்பு வளர்ந்து இறுகாவிட்டால் அவையும் ஒருநாள் தளரும், முறியும்.

நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைப்பது பழைய முறை, இன்றும் புதுப் பொருட்களை அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். எடுத்த இடத்தில் நோ மாதக்கணக்கில் நிற்பதால்தான் செயற்கை எலும்பாகக் கல்சியம் பொஸ்பேற்றுத் துகள்கள் வந்தன. இவற்றை முதலில் முயலின் இடுப்புப் பகுதி முள்ளந்தண்டில் வைத்துப் பார்ப்பார்கள், சில கிழமைகளின் பின் அந்த முள்ளந்தண்டுத் துண்டை வெளியே எடுத்து, கையால் வளைத்து, அசைகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் முயலில் ஒட்டியது நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ள ஐம்பது வயது மனிதனில் ஒட்டும் என்பதற்கு அது உறுதியல்ல. அமெரிக்காவிலேயே இப்படியான பல துகள்கள், முன்பு அனுமதி பெற்ற பொருளை ஒத்தவை என்று காட்டித்தான் சந்தைக்கு வந்தன. இதே தேவைக்கு வந்த, எலும்பை வளர்க்கும் புரதம் ஒன்றுக்கு 2002இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதைக் கழுத்தில் வைத்தவர்களுக்கு ஆபத்தான வீக்கம் வந்ததாக 2008இல் எச்சரித்தார்கள், கொம்பனிப் பணத்தில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டியதாக 2011இல் முள்ளந்தண்டு மருத்துவ இதழ் ஒன்று வெளிப்படையாகவே எழுதியது.

இன்னொன்று, இந்தத் துகள்கள் எக்ஸ்ரேயில் தாங்களே வெள்ளையாகத் தெரியும். எலும்பு வளர்ந்துவிட்டது என்று நம்பிவிடலாம். சீ.ரீ. ஸ்கானில்தான் ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

என் சித்தப்பாவுக்கு இந்தச் சத்திரசிகிச்சை செய்தபோது செயற்கை எலும்புப் பெட்டியை வெளியில் வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். ஆனால் அவருடைய கிளினிக் கொப்பியில் "எலும்பு வைக்கப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன பொருள், எந்தத் தயாரிப்புத் தொகுதி, ஒன்றுமில்லை. பெட்டிக்குள் இலக்கத்தோடு ஸ்டிக்கர்கள் வரும், ஒன்றைக் கொப்பியில் ஒட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? நாளைக்கு அந்தத் தொகுதியில் பிழை என்று தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை அறிவித்தால் யாரைக் கூப்பிடுவது?

யாழ்ப்பாணத்தில் இந்தச் சத்திரசிகிச்சை செய்யும் எல்லா இடத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அப்புறம், என்ன பொருள் வைக்கப் போகிறோம், அது மனிதரில் சோதித்ததா என்று ஒப்பம் வாங்கும் முன்னரே வீட்டாருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.